இறங்கு தீயே

"சிவப்பு லைட் எரிஞ்சா பேசக்கூடாது, பச்சை எரிஞ்சா எழும்பிப் போய்ப் பாடணும், அவ்வளவுதான் அம்மா, இதில பயப்பிட என்ன கிடக்கு?" என்று கேட்டுவிட்டு மகள் போய்விட்டாள். பயப்பட என்ன கிடக்கிறதாம். கேள்வியைப் பார். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. கறுப்புத் திரைக்குப் பின்னால் போட்ட நாற்காலியின் நுனியில் யோகமலர் உட்கார்ந்திருந்தாள், முழுசாகச் சாய்ந்தால் இடுப்பில் செருகிய மைக் பெட்டி முதுகில் குத்தும் என்று. சேலைக்குள்ளே குளிருக்குப் போட்ட கம்பளிச் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டு அரித்தது. வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே இவளுக்கு மட்டும் வேர்க்கிறது. இது ஒரு ஓப்பரா மண்டபம். போன உலக யுத்தத்தில் இந்த ஜேர்மன் பட்டணம் முழுக்கக் குண்டில் எரிந்தபோது இதுவும் எரிந்ததாம், பிறகு கட்டும்போது ஒரு சுவரை மட்டும் கரியோடு அப்படியே விட்டார்களாம், மறக்கக் கூடாது என்று. மறக்காமல் இருக்க இவர்களுக்குச் சுவர் தேவைப்படுகிறது. அந்தச் சுவருக்கு முன்னால்தான் மகள் நிரோஜாவின் கலைப்படைப்பு: புகைக்கரியால் தீட்டிய பெரிய மேடைத்திரை ஒன்று, ஓரம் கருகிய இசைத்தாள்கள் கண்ணாடிப் பெட்டிகளில், கடைசியில் இரண்டு பெண்களின் பாட்டு. ஒருத்தி ஓப்பராக்காரி ஊர்சுலா. எரியும் பட்டணத்தின் கோபுரத்தில் நின்று ஒரு ராணி பாடும் பாட்டு அவளுடையது. மற்றவள் யோகமலர். அவளுடையது கூத்துப்பாட்டு, அதுவும் ஒரு பட்டணம் எரிகிற பாட்டுத்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று பார்க்கப்போகிறாளாம் மகள். நெருப்புக்குப் பக்கத்தில் நெருப்பை வைத்தால் என்ன நடக்கும், குளிரவா போகிறது.

பட்டணம் எரித்த கூத்து என்றால் அவள் பிறந்த ஊரான வம்மித்துறையில் அந்தக் காலத்தில் தெரியாதவர் இல்லை. கோட்டைச் சுவர் கட்டக் கட்டச் சரிகிறது, ஒரு பிள்ளையை உள்ளே வைத்துக் கட்டினால் நிற்கும் என்று யாரோ சொல்ல, ஏழைத் தாய் ஒருத்தியின் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கட்டிவிடுகிறார்கள். தாய் வந்து சுவரில் காதை வைத்துக் கேட்கிறாள். கேட்டுவிட்டுத் தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, அந்தப் பட்டணத்தின் ஏழு தெருவையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு எரிக்கிறாள். எழும்பு தீயே எழும்பு, பவளத் தெருவில் ஏறு, எழும்பு தீயே எழும்பு, முத்துத் தெருவில் ஏறு. பவளத் தெருவும் முத்துத் தெருவும் உலகத்தில் எங்கும் இல்லை, அதுதான் கணக்கு. ஆட்கள் குடியிருக்கிற தெருவின் பேரைக் கூத்தாடும் களரியில் எடுக்கக் கூடாது என்பது கூத்துப் பழக்கிய அண்ணாவியாரின் சட்டம். எரித்து முடிந்த கையோடு மத்தளம் அடங்கும், உடனே குளிர்த்தி பாட வேண்டும். எந்த ஏழு தெருவைக் கூப்பிட்டார்களோ அதே ஏழையும் அதே வரிசையில் திரும்பக் கூப்பிட்டு, இறங்கு தீயே இறங்கு, அடுப்புக்குள் போய் அடங்கு என்று தணிக்க வேண்டும். அது முடியும்வரை ஒருவரும் எழும்பப்படாது, பாயில் நித்திரையான பிள்ளையைக்கூடத் தூக்கப்படாது. இதெல்லாம் தெரிந்துதான் அவள் மகளிடம் ஓம் என்றாள். பவளத் தெரு எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். நேற்று ஒத்திகையில் அல்லவா மகள் குண்டைப் போட்டாள். "அம்மா, அந்த ஏழு பேரையும் மாத்துவம். இந்த ஊர்த் தெருப் பேர் ஏழு போடுவம். வாறதெல்லாம் இந்த ஊர்ச் சனம், தங்கட தெருவின்ட பேரைக் கேக்கேக்க நெஞ்சில படும்." லிண்டன்ஸ்ட்ராசெ, கார்ட்டன்ஸ்ட்ராசெ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள், ஆறாவதாக மூலன்வெக், கடைசியில் சிரித்துக்கொண்டே கிர்ஷன்வெக் என்றாள். கிர்ஷன்வெக் மகள் குடியிருக்கிற தெரு. மூன்றாம் மாடி, மஞ்சள் வீடு, சன்னலில் பேத்தி மாயா ஒட்டிய காகிதப் பூனை. மாயா இந்த நேரம் இருமலோடு படுத்திருப்பாள், தகப்பன்காரன் பக்கத்தில் கொம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பான். "நம்மட தெருவையும் விடக்கூடாது அம்மா, இல்லாட்டி அது நேர்மை இல்ல" என்றாள். குளிர்த்தியும் வேண்டாமாம். ஆறுதல் சொல்லி அனுப்பினால் ஆட்கள் வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்துவிடுவார்களாம். ஏழாவது தெருவோடு விளக்கை அணைக்க வேண்டுமாம், மைக்கை நிறுத்த வேண்டுமாம், இருட்டில் விட்டுவிட வேண்டுமாம்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கில் புண்ணா. ஒத்திகைக்கு வந்த ஜேர்மன்காரர்கள் எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டு, அற்புதம், அற்புதம் என்று நின்றார்கள், அத்தனை பேருக்கும் நடுவில் மகளின் முகம் விளக்குப் போட்டது மாதிரி இருந்தது. அந்த முகத்தை எத்தனை வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறாள். படம் கீறுகிறேன் என்று போனவள், ஒரு கண்காட்சியும் கிடைக்காமல் பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவியவள், அம்மாவோடு பேசினாலே சண்டையில் முடியும் என்று போனையே எடுக்காமல் இருந்தவள். இன்றைக்கு ட்ராமில் வரும்போது ஒரு முயற்சி செய்தாள். "மகள், தெருவை நான் மாத்திப் பாடுறன், குளிர்த்திய மட்டும் விடுவமா? சின்னனாப் பாடிட்டு இறங்கிடுறன்." "அம்மா, இது கோயில் சடங்கு இல்ல. ஆர்ட்." "ஆர்ட்டில நெருப்புச் சுடாதா?" மகள் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதுதான் எனக்குக் கடைசி அம்மா. இதுவும் சரிவராட்டி நான் இந்த வேலைய விட்டுருவன், சத்தியமா. மாமாவுக்காகத்தான் இவ்வளவும் செய்யிறன், உங்களுக்கு விளங்கேல்லயா?" மாமாவுக்காகவாம். மாமாவைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? கூத்தாடினவர், ஊர் எரிந்த அன்று செத்துப்போனவர், அவ்வளவும்தான் தெரியும். மிச்சத்தை யோகமலர் யாருக்கும் சொன்னதில்லை. கட்டினவனுக்கே சொல்லவில்லை, அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். சொன்னால் கூடப்பிறந்த நல்லரெத்தினம் அண்ணன்தான் ஊரை எரித்தான் என்று ஆகிவிடும். செத்தவனைக் காட்டிக்கொடுக்க அவளால் முடியாது, எத்தனை ட்ராமில் ஏற்றிக் கையைப் பிடித்தாலும் முடியாது.

ஊர்சுலா பக்கத்து நாற்காலியில் இருந்து சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பெரிய உடம்பு, சிவப்புப் பட்டு, தொண்டையில் கம்பளி சுற்றியிருந்தாள். இவளைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். நல்ல மனுசி. யோகமலருக்கு ஜேர்மன் பாஷை சமாளிக்குமளவுக்கு வரும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படித்த பாஷை, வேற்றுமை உருபு எல்லாம் காலை வாரும், விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். பேசக் கூடாது என்ற சட்டத்தை மறந்து மெதுவாகக் கேட்டாள், "நீங்கள் பட்டணத்தை எரித்து முடிந்த பிறகு என்ன பாடுவீர்கள்?" ஊர்சுலாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. "பிறகா? பிறகு ஒன்றும் இல்லை. திரை விழும்." "விழுந்த பிறகு?" "சனங்கள் கைதட்டும். மேல்சட்டையை எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிடும்." "நீங்கள்?" "நானும் சாப்பிடுவேன். பாடினால் எனக்கு நல்லாகப் பசிக்கும்." இதைச் சொல்லிவிட்டு அவள் சத்தமில்லாமல் சிரித்தாள், வயிறு குலுங்கியது. இத்தனை வருஷம், இத்தனை மேடை, எத்தனை பட்டணத்தை எரித்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லையா? இந்தப் பட்டணம்? இங்கேயும் அந்தக் காலத்தில் யாராவது ஒருத்தி கோபுரத்தில் நின்று பாடிவிட்டு, தணிக்காமல், பசிக்கிறது என்று போயிருப்பாளோ? சீ, என்ன நினைப்பு இது, விமானத்தில் வந்து குண்டு போட்டவனுக்குப் பாட்டா தெரியும். அப்படிப் பார்த்தால் வம்மித்துறைக்குப் பெற்றோல் கேனோடு வந்த ஆமிக்காரர்களுக்கும் கூத்துத் தெரியாது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். தலைக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரியவில்லை, நாற்பது வருஷமாகத் தெரியவில்லை. ஊர்சுலா கம்பளியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் படியேறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து அந்தக் குரல் வந்தது, அடிவயிற்றிலிருந்து வந்து கூரையில் முட்டியது, நாற்காலிக் கால் வழியாக யோகமலரின் காலுக்குள் இறங்கியது.

அண்ணனுக்கும் குரல் இருந்தது, ஆனால் இப்படி இல்லை. மெல்லிய குரல், கொஞ்சம் மூக்கால் வரும், அதனால்தான் பெண் வேஷம் கொடுத்தார்கள். அடுப்படியில் இருந்து பழகுவான், இவள் தேங்காய் துருவிக்கொண்டே பின்பாட்டுப் பாடுவாள். அண்ணன் மறந்தால் எடுத்துக் கொடுப்பதும் இவள்தான், "நீ ஆம்பிளயாப் பிறந்திருந்தா என்ட வேஷம் போயிருக்கும்" என்பான். ஊர் எரிந்த அன்றைக்குக் கூத்து முடிகிற நேரம், கிழக்கு வெளுத்துவிட்டது, களரியைச் சுற்றிச் சனம். அண்ணன் முடியை அவிழ்த்தான். பொய்முடிதான், ஆனாலும் சனம் மூச்சுவிடவில்லை. எழும்பு தீயே எழும்பு என்று எடுத்தவன் பவளத் தெரு என்று பாடவில்லை. சந்தைத் தெருவில் ஏறு என்று பாடினான். சனம் ஒரு தரம் திகைத்துப் பிறகு விசிலடித்தது. தன் ஊர்த் தெரு கூத்தில் வருகிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது! ஐஸ்வாடி ஒழுங்கை என்றதும் மீன்காரப் பெடியன்கள் எழும்பி ஆடினார்கள். அண்ணாவியார் தாளம் போட்டுக்கொண்டிருந்த சல்லரியை நிலத்தில் போட்டுவிட்டு, "டேய் பாவி, வாய மூடுடா" என்று கத்தியது இவளுக்குக் கேட்டது, சனத்துக்குக் கேட்கவில்லை. அண்ணனுக்கும் கேட்கவில்லை, கைதட்டல் அவன் காதை அடைத்துவிட்டது. ஏழையும் பாடிவிட்டான். பாடிவிட்டுச் சிரித்தான், முகப்பூச்சு வெடிக்கச் சிரித்தான். குளிர்த்திக்கு வாயைத் திறந்தான், அப்போதுதான் பாலத்தடியில் ஆமி ட்ரக் சத்தம். சனம் எழும்பிவிட்டது. எழும்பப்படாது, எழும்பப்படாது என்று அண்ணாவியார் கையை விரித்துக்கொண்டு நின்றார், யார் நிற்கிறது. மத்தியானத்துக்குள் சந்தைத் தெரு போய்விட்டது, ஐஸ்வாடி போய்விட்டது. அவன் கூப்பிட்ட வரிசையிலா எரிந்தது? இல்லை, அப்படி இருக்காது, அவர்கள் பாலத்துப் பக்கமிருந்து வந்தார்கள், சந்தைதான் முதலில் வரும். முதலில் வரும்தான். ஆனாலும் அதே வரிசை. இவள் அண்ணனைப் பிடித்து இழுத்தாள், கண்ணாடி தைத்த கூத்துச் சட்டை கையை அறுத்தது. "பொறு புள்ள, குளிர்த்திய முடிச்சிட்டு வாறன்" என்று சொல்லிக் கையை உதறிக்கொண்டு களரிக்குத் திரும்பி ஓடினான். ஆள் இல்லாத களரிக்கு. அவன் பாடினானா, எத்தனை தெருவரைக்கும் பாடினான், யாருக்குத் தெரியும். புகைக்குள் சுடுகிற சத்தம்தான் கேட்டது.

மேலே ஊர்சுலா ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். இன்னும் கொஞ்சம்தான், இது முடிந்தால் பச்சை. அப்போதுதான் யோகமலருக்கு அந்த யோசனை வந்தது, வந்த வேகத்தில் எழும்பியே விட்டாள். வம்மித்துறைத் தெருக்களைப் பாடிவிட்டால்? எரிந்து முடிந்த தெருக்கள், இனி எரிய அங்கே என்ன கிடக்கிறது. மகளிடம் பயத்தில் மறந்துபோச்சு என்று சொல்லலாம். ஏசுவாள், அழுவாள், ஆனால் பாட்டுப் பாட்டாகவே இருக்கும், தெருப் பேர் தெருப் பேராகவே இருக்கும், இந்தச் சனத்துக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது. மாயா இருமிக்கொண்டு படுத்திருக்கலாம், காகிதப் பூனை சன்னலில் இருக்கலாம். சந்தைத் தெரு ஒன்று. ஐஸ்வாடி ஒழுங்கை இரண்டு. கோயிலடித் தெரு மூன்று. தட்டார் தெரு, அங்கேதான் காது குத்தினார்கள், நான்கு. கந்தோர் வீதி ஐந்து. ஐந்து. பிறகு? கந்தோரைத் தாண்டினால் நாட்டு வைத்தியம் பார்த்த பரியாரியார் வீடு, வேலி, பூவரசு, அந்த வேலியோடு திரும்பினால் ஒரு தெரு வரும். இவள் நடந்த தெரு, பள்ளிக்கூடத்துக்குத் தினம் நடந்த தெரு, செருப்பில்லாத காலுக்கு அதன் மணல்கூட ஞாபகம் இருக்கிறது, பேர் வரவில்லை. பேர் என்ன? பரியாரியார் ஒழுங்கை என்றா சொல்வோம்? இல்லை, அது வேறு. நாற்பது வருஷமாக வாயால் சொல்லாமல் வைத்திருந்தால் இப்படித்தான், உள்ளேயே உக்கிப்போகும். சொந்தத் தெருவின் பேர், அவர்கள் இருந்த தெருவின் பேர், அதுவும் வரவில்லையே. கடற்கரை, கடற்கரை என்று ஏதோ வரும். கடற்கரை எது? அண்ணன் வாயிலிருந்து அது வரும்போது அவன் இப்படிக் கையைத் தூக்கினான், கையைத் தூக்கி, கையைத் தூக்கியது தெரிகிறது, வாய் தெரியவில்லை. அண்ணா, ஒருக்கா எடுத்துக் குடு, எத்தனை தரம் நான் உனக்கு எடுத்துக் குடுத்திருக்கிறன். பவளத் தெருவைப் போட்டு நிரப்பு. ஐந்துக்குப் பிறகு பவளம், முத்து, சரிதானே, சரிதான், பவளம், முத்து. மேலே கைதட்டல் இல்லை, நடுவில் தட்டக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். சத்தம் இல்லாமல் சிவப்பு அணைந்தது.

பச்சை எரிந்தது. படியில் கால் வைத்தது யார் கால் என்று தெரியவில்லை. மேலே போனதும் வெளிச்சம் முகத்தில் அடித்தது, சனம் கறுப்பாகத் தெரிந்தது, மகள் தூரத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தபடி நின்றாள். கரித்திரையின் வாசம் மூக்கில் ஏறியது. எழும்பு தீயே எழும்பு. வாயைத் திறந்ததும் குரல் பயமில்லாமல் போனது. இந்தக் குரல் எங்கேயிருந்தது இவ்வளவு நாளும்? சந்தைத் தெருவில் ஏறு. மகள் தலையை நிமிர்த்தினாள். ஐஸ்வாடி ஒழுங்கையில் ஏறு, கோயிலடித் தெருவில் ஏறு. மகளின் கை நெஞ்சிலிருந்து இறங்கியது, ஏதோ பிசகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, வாயசைத்து எதையோ சொன்னாள். தட்டார் தெரு. கந்தோர் வீதி. இனிப் பவளம், பவளம். ஆனால் பாடுகிறவர்களுக்குத் தெரியும், தாளம் வந்து நிற்கும்போது வாய் யாரையும் கேட்பதில்லை, பழக்கியதைத்தான் எடுக்கும். நேற்றுப் பின்னேரம் முழுக்க, இன்று ட்ராம் முழுக்க, மனதுக்குள் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளித் தள்ளியே பழக்கியது எது? எழும்பு தீயே எழும்பு, மூலன்வெக்கில் ஏறு. ஐயோ. நிறுத்து. நிறுத்தினால் பாட்டு அறும். மகள் முகத்தில் அந்த வெளிச்சம் திரும்ப வந்துவிட்டது, அந்த முகத்தைப் பார்த்தபடியே, அண்ணன் தூக்கிய மாதிரியே கையைத் தூக்கி, எழும்பு தீயே எழும்பு, கிர்ஷன்வெக்கில் ஏறு என்று அவள் பாடினாள், சுத்தமாக, ஒரு சுரம் பிசகாமல் பாடினாள்.

விளக்கு அணைந்தது. இடுப்புப் பெட்டியில் கிளிக் என்று ஒரு சத்தம், மைக் செத்துப்போனது. மகள் ஆசைப்பட்ட அதே இருட்டு, அதே அமைதி. யோகமலர் அதற்குள்ளே குளிர்த்தியை எடுத்தாள். இறங்கு தீயே இறங்கு, சந்தைத் தெருவை விட்டு இறங்கு, அடுப்புக்குள் போய் அடங்கு. மைக் இல்லாத குரல் முன்வரிசைக்குப் போயிருக்குமோ என்னவோ, அதற்குள் யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார், பிறகு மண்டபம் முழுக்கத் தட்டியது, காலாலும் நிலத்தில் தட்டினார்கள், கூரை இடிந்து விழுகிறது மாதிரி ஒரு சத்தம். ஐஸ்வாடியை விட்டு இறங்கு. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. கோயிலடித் தெருவை விட்டு இறங்கு. சனம் எழும்புகிறது, நாற்காலிகள் மடங்குகிற சத்தம், எழும்பாதீங்க, எழும்பாதீங்க, இன்னும் முடியேல்ல என்று கத்த வேண்டும் போல் இருந்தது, கத்தினால் வரிசை குழம்பிவிடும். தட்டார் தெருவை விட்டு இறங்கு. விளக்கைப் போட்டார்கள். ஊர்சுலா ஒரு பக்கம் வந்து தோளை அணைத்துக்கொண்டு சனத்துக்குத் தலை குனிந்தாள். மகள் ஓடிவந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர், சிரிப்பு, "அம்மா! அம்மா, வந்திட்டுது அம்மா, எல்லாரும் எழும்பி நிக்கிறாங்க, பாருங்களன்" என்று கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடித்த பிறகுதான் அம்மாவின் உதடு அசைவதைக் கண்டாள். கந்தோர் வீதியை விட்டு இறங்கு, அடுப்புக்குள் போய் அடங்கு. "அம்மா, போதும். முடிஞ்சுது. போதும்மா, ஆக்கள் பாக்கிறாங்க." கையைப் பிடித்து மேடையை விட்டு இழுத்தாள். யோகமலர் மேடைப் பலகையில் காலை ஊன்றிக்கொண்டாள், மகளின் பிடியிலிருந்து கையை உதறி விடுவித்தாள்.

"பொறு மகள். உன்ட தெரு இன்னும் வரயில்ல."